கோயில் தந்த நம்பிக்கை எது, கொட்டாரம் (அரண்மனை) தந்த நம்பிக்கை எது?

கேள்வி: இரணியல்காரர்

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம், ஊரில் வழங்கும் நம்பிக்கைகளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். தாளில் மூன்று கட்டங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார்: நம்பிக்கை, சொன்னவர், ஊர். மகள் முதலில் போய் உட்கார்ந்தது 82 வயதாகும் என் தாயாரிடம். வெற்றிலையை உரலில் இடித்துக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் அவர் சொன்ன முதல் நம்பிக்கை இது: "பொன்னுதம்புரானைக் குறை சொன்னா கண்ணு அவிஞ்சு போவும், மக்ளே." பொன்னுதம்புரான் என்பது திருவிதாங்கூர் மன்னர்.

திருவிதாங்கூர் மன்னராட்சி முடிந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அம்மா பாவாடை கட்டிய சிறுமி. அந்த இணைப்புக்காகப் போராடியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததை அவரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடத்திலும் தம்புரானைப் பற்றிய பயம் மட்டும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த மகள், "மேலே துணி போடக்கூடாதுன்னு சொன்ன ராஜாவைத் திட்டினால் நம்ம கண்ணு ஏன் போகணும், ஆச்சி?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

இதிலிருந்து எழுந்ததுதான் என் கேள்வி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, இஸ்லாமியர் 4.2 விழுக்காடு. ஆகையால் இங்கே எந்தக் கதையைத் தொட்டாலும் அதற்கு இரண்டு மூன்று வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் உள்ளே ஓர் அரசியல்வாதியோ ஒரு சமயத் தலைவரோ முன்பே உட்கார்ந்திருக்கிறார். சனங்கள் தாங்களாகவே கொண்ட நம்பிக்கை எது, ஆட்சியோ சமய அமைப்போ அவர்களுக்குக் கொடுத்த நம்பிக்கை எது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா? சண்டை வேண்டாம், ஊர்ச் சான்றுகளோடு எழுதினால் மகளிடம் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: பத்மநாபபுரத்தார்

ஐயா, உங்கள் தாயார் சொன்ன நம்பிக்கைக்குப் பிறந்த ஆண்டே உண்டு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். 1750ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, உடைவாளைச் சந்நிதியில் வைத்து, இனித் தாம் ஆண்டவனின் அடிமையாக மட்டுமே நாட்டை நடத்துவதாகச் சொன்னார். திருப்படித்தானம் என்பது அதன் பெயர். அன்றிலிருந்து திருவிதாங்கூர் மன்னர்கள் எல்லோரும் பத்மநாபதாசர் ஆனார்கள்.

இதைப் பக்தி என்று மட்டும் படிப்பவர்கள், அதற்கு முந்தைய 20 ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். 1729இல் அவர் பட்டத்துக்கு வந்தபோது அவர் ஆண்ட வேணாடு சின்னஞ்சிறு நாடு; அதிலும் கோயில் வரவு செலவையும் நிலங்களையும் கையில் வைத்திருந்த எட்டுவீட்டில் பிள்ளைமார் அரசரை மதிப்பதில்லை. அவர்களை அடியோடு அழித்து, 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்து, காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொரு நாடாக விழுங்கிய பிறகு அவர் முன்னால் ஒரு சிக்கல் நின்றிருக்கும். வாளால் பிடித்த நிலத்தை வாளாலேயே எத்தனை காலம் காப்பது? நிலத்தைச் சாமியின் பெயரில் எழுதிவிட்டால் அதன்பின் அரசனை எதிர்ப்பவன் கலகக்காரனாக மட்டும் இருக்கமாட்டான், சாமித் துரோகியும் ஆகிவிடுவான். படைவீரன் போகமுடியாத அடுக்களைக்குள்ளும் இந்த எண்ணம் போய்விடும். உங்கள் வீட்டு வெற்றிலை உரல் வரைக்கும் அது வந்திருக்கிறது, பாருங்கள்.

எங்கள் ஊர் அரண்மனைக்கு வருபவர்கள் மரச் செதுக்கு வேலைகளையும் கண்ணாடிபோல மின்னும் கருந்தரையையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் எவரை அழைத்துச் சென்றாலும் உப்பிரிகை மாளிகையைக் காட்டுவேன். அந்த மாளிகையின் உச்சியிலிருக்கும் அறை, சுற்றிலும் சுவரோவியங்களோடு, பத்மநாபசுவாமிக்கென ஒதுக்கப்பட்டது. அரசன் கீழ்த்தளத்தில் உறங்குவான், ஆண்டவன் மேல்தளத்தில் உறங்குவான் என்று மரத்தாலும் சுண்ணாம்பாலும் கட்டிக் காட்டிவிட்டால், படிக்கத் தெரியாதவனுக்கும் அது பாடம்தான். கல்குளம் என்ற பெயரை மாற்றிப் பத்மநாபபுரம் என்று ஆக்கியதும் அதே மார்த்தாண்ட வர்மாதான்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். புறப்பாட்டுக்கு முன் உப்பிரிகை மாளிகையில் வைத்து உடைவாள் கைமாறும். தமிழ்நாட்டுக் காவல்துறையும் கேரளக் காவல்துறையும் அணிவகுத்து மரியாதை செலுத்தும். களியக்காவிளை எல்லையில் ஒரு மாநிலம் வழியனுப்ப, மற்றொரு மாநிலம் வரவேற்கும். மன்னர் இல்லை, அவருடைய நாடும் இல்லை. அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஆயினும் தெருவோரத்தில் குத்துவிளக்கு ஏற்றி நிற்கும் பெண்ணுக்கு அந்த வாளும் துப்பாக்கி ஏந்திய காவலரும் சேர்ந்துதான் அம்மனாகத் தெரிகிறார்கள். வருடாவருடம் நானும்தான் நிற்கிறேன்; கை தானாகவே கும்பிடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுமொழி 2: முன்சிறை ஓட்டக்காரன்

பத்மநாபபுரத்து அண்ணாச்சி சொல்வதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் எல்லாவற்றையும் கொட்டாரத்தின் கணக்கில் எழுதிவிட்டால் சனங்களை வெறும் பாத்திரங்களாக ஆக்கிவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது. சிவராத்திரிக்கு நான் 19 வருடமாகச் சிவாலய ஓட்டம் ஓடுகிறேன். திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 சிவன் கோயில்கள், ஏறக்குறைய 110 கிலோமீட்டர். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. சிவன் கோயிலுக்கு ஓடுகிற நாங்கள் வழிநெடுகக் கூவுவது "கோவிந்தா, கோபாலா" என்று. அப்படிக் கூவிக்கொண்டே ஓடிய வீமனைத் துரத்திய, பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தின் கதையைக் காரணமாகச் சொல்வார்கள்.

இப்படி ஓடு என்று எந்த அரசனும் எங்களுக்கு ஓலை அனுப்பியதாக நான் கேட்டதில்லை. வழியில் சுக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொடுப்பவர்களின் வீட்டு நடையில் சிலுவை இருப்பதும் உண்டு, பிறை இருப்பதும் உண்டு. வாங்கிக் குடித்துவிட்டு ஓடுகிறோம். அரசியல் இல்லாத நம்பிக்கையும் இருக்கிறது என்பதற்கு என் கால் கொப்புளங்களே சாட்சி. அதே சமயம், அண்மைக் காலமாக ஓட்டப் பாதையில் கட்சிக் கொடிகளின் நிறத்தில் வரவேற்புப் பதாகைகள் முளைக்கின்றன. ஓடுகிறவனுக்கு அவற்றைப் படிக்க நேரம் இருப்பதில்லை என்பது ஒரு வசதி.

மறுமொழி 3: தாமரைகுளம் பனைவிளை

இரணியல் ஐயாவின் மகள் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே கூர்மையானது. அதற்கு 190 ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் பக்கத்தில் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

1833 மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டர் வெளிப்பட்டார் என்பது, அவரை அய்யா என்று வழிபடும் அய்யாவழி மக்களின் நம்பிக்கை. அவர் சாமித்தோப்பில் அமர்ந்து போதித்தபோது செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். கொட்டாரம் எந்தத் திருமாலைத் தன் எசமான் என்று சொல்லிக்கொண்டதோ, அந்தத் திருமாலையே அவர் ஏழைகளின் பக்கத்துக்கு அழைத்துவந்துவிட்டார். சாமி உன் பக்கம் இல்லை, எங்கள் பக்கம் என்று அரசனிடம் சொல்வது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அரசாங்கம் உடனே புரிந்துகொண்டது. சுவாதித் திருநாள் காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. 1841இல் எங்கள் தாமரைகுளத்தில் வைத்து அரிகோபாலன் சீடர் எழுதியதாகச் சொல்லப்படும் அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்றும் ஆங்கிலேயனை வெண்ணீசன் என்றும் அழைக்கிறது. உங்கள் அம்மா பயந்த அதே காலத்திலும் அய்யாவழிச் சனங்கள், அம்மானையாகப் பாடிக்கொண்டே அரசனை நீசன் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்கள் கண் ஒன்றும் அவிந்துபோகவில்லை.

அய்யாவழி வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே சிலை இல்லை. ஒரு நிலைக்கண்ணாடியும் அதன் முன்னால் விளக்குகளும் இருக்கும். கும்பிடுகிறவன் தன் உருவத்தையே சுடர்களுக்கு நடுவில் காண்கிறான். ஆண்கள் தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். மேல்சாதியாரைக் கண்டால் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்கவேண்டிய காலத்தில், சாமி முன்னால் தலைப்பாகையோடு நில் என்று சொன்னது வழிபாட்டு விதியாக வந்த அரசியல். சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்ததும் அப்படித்தான். வைகுண்டர் நெருப்புக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் தப்பினார், புலி அவரைத் தொடவில்லை என்று எங்கள் பாட்டா சொல்லுவார். புலி தொட்டதா இல்லையா என்று நான் வாதாடப் போவதில்லை. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு ஒரு பனையேறி எவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பான் என்று நினைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் கீழிருந்து வந்த நம்பிக்கையையும் மேலிருப்பவர்கள் பின்னாளில் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு அய்யாவே எடுத்துக்காட்டு. 2024 மார்ச்சில் அன்றைய தமிழக ஆளுநர், வைகுண்டர் சனாதன தருமத்தைக் காக்க வந்தவர் என்ற பொருள்படப் பேசினார். சாமித்தோப்புத் தலைமைப்பதியின் பால பிரஜாபதி அடிகளார் அதை வெளிப்படையாக மறுத்தார், அன்றைய முதலமைச்சரும் மறுத்தார். அய்யாவழி தனிச் சமயமா, இந்து சமயத்தின் ஒரு வழியா என்ற வாதம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு கட்சியாக நடக்கிறது. மாசி 20ஆம் தேதி உள்ளூர் விடுமுறை கிடைத்ததில் மட்டும் இரு கட்சிக்கும் ஒத்த கருத்து.

தோள்சீலை விஷயத்தில் உங்கள் மகள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அதிகாரி மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் (சட்டை) போடலாம் என்று அனுமதி வந்தது. மதம் மாறாத பெண்களுக்கு அதுவும் இல்லை. 1820களில் ஒரு முறை கலவரம் மூண்டது. 1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் அறிக்கை வெளியாகி, சமய வழக்கங்களில் அரசு தலையிடாது என்று சொன்னபோது, நம் பக்கத்து மேல்சாதியார் சிலர் அதைப் பழைய கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த அரசாணையாகவே எடுத்துக்கொண்டார்கள். சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் சபைக் கட்டடங்களும் எரிந்தன. லண்டனில் எழுதிய ஒரு வரி, தக்கலைச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் எப்படி வேறு பொருள் கொண்டுவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். கைப்பேசி இல்லாமலேயே வதந்தி இத்தனை வேகமாக ஓடியிருக்கிறது.

பிறகு 1859 ஜூலை 26 அன்று வந்த மன்னரின் அறிக்கையும் முழு உரிமையைத் தந்துவிடவில்லை. குப்பாயம் போடலாம், அல்லது கடற்கரை மீனவரான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக்கூடாது என்றே அது சொன்னது. இதை ஒரு வீட்டில் மிஷனரி வாங்கித் தந்தார் என்று சொல்வார்கள், அடுத்த வீட்டில் அய்யா வாங்கித் தந்தார் என்று சொல்வார்கள். இரண்டு வீட்டுக்கும் பாட்டி ஒருத்தியாகவே இருப்பாள்.

இப்போது மூன்றாவது கதை ஒன்று இணையத்தில் ஓடுகிறது. மார்பை மறைப்பதற்கு வரி போட்டார்கள், அதை எதிர்த்து நங்கேலி என்ற பெண் தன் மார்பை அறுத்துக் கொடுத்தாள், அதுவே நம் தோள்சீலைப் போராட்டம் என்று முகநூலில் படம் வரைந்து போடுகிறார்கள். நங்கேலி கதை வடக்கே சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. ஒடுக்கப்பட்ட சாதி ஆண்களுக்குத் தலைவரி போட்டதுபோலப் பெண்களுக்கும் போட்ட தலைவரிக்கே அந்தப் பெயர் இருந்தது, அது ஆடைக்கான வரி இல்லை என்று வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நடந்த கொடுமை போதாதென்று நடக்காததையும் சேர்த்துக்கொண்டால், மறுப்பவனுக்கு வேலை எளிதாகிவிடும். ஒன்று பொய் என்று காட்டிவிட்டு எல்லாமே பொய் என்பான். சாதியும் உடையும் பற்றிய பாடப்பகுதியைத் தேர்வுக்கு எடுக்கவேண்டாம் என்று 2016இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றறிக்கை விட்டதையும் மகளுக்குச் சொல்லுங்கள். சேர்ப்பவர்களும் நீக்குபவர்களும் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மறுமொழி 4: முக்கடல் சங்குக் கடை

கன்னியாகுமரியில் சங்கும் பாசிமணியும் விற்கிறேன். ஆகையால் நம்பிக்கைகளை நான் தினமும் சில்லறையாகப் பார்க்கிறேன். மணல் பொட்டலத்தைக் கையில் எடுப்பவரிடம், நின்றுபோன அம்மன் கல்யாணத்தின் அரிசியும் பருப்பும்தான் இப்படி நிறநிறமான மணலாகிவிட்டன என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் வாங்குவார்; தாதுமணல் என்று சொன்னால் கீழே வைத்துவிடுவார்.

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, குமரிக்கண்டம் எந்தப் பக்கம் என்பது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்வது உண்மை. ஆனால் அதைக் கண்டமாக விரித்தது 19ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய வேலை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒன்றுக்கொன்று உறவான லெமூர், தேவாங்கு இனங்கள் இருப்பதற்குக் காரணம் தேடி 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர், கடலில் மூழ்கியிருக்கும் என்று தாம் ஊகித்த ஒரு கண்டத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது நிலைபெற்ற பின் அறிவியலுக்கு அது தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்பட்டது, மொழிப் பெருமை பேசிய மேடைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டன. 2004 சுனாமியன்று கடல் உள்வாங்கியபோது தரையைப் பார்த்த சிலர், குமரிக்கண்டத்துக் கட்டடம் தெரிந்தது என்று பின்னர் சொல்லக் கேட்டேன். நானும் அன்று கரையில்தான் இருந்தேன். பாறையும் பாசியும் துள்ளும் மீனும்தான் தெரிந்தன. அடுத்த கணம் ஓடினேன்.

எதிரே தெரியும் பாறையும் அப்படித்தான். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே தியானம் செய்தார் என்பது ஒரு சாராரின் நம்பிக்கை; இந்தியாவின் கடைசிப் பாறைத் துண்டில் அமர்ந்திருந்ததாக அவரே 1894இல் கடிதம் எழுதியிருக்கிறார். அது சவேரியார் பாறை என்பது இங்குள்ள கத்தோலிக்க மீனவர்கள் பலரின் நம்பிக்கையாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கே சிலுவை நட்டதும், அதன்பின் அது அகற்றப்பட்டதும், முதலமைச்சர் பக்தவத்சலம் ஆட்சியில் இழுபறியாகி, 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அங்கே விவேகானந்தர் மண்டபத்தைத் திறந்துவைத்ததும் வரலாறு. இன்று வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையே தெரியாது. மண்டபம் எழும்பிவிட்டால் வாதம் முடிந்துவிடுகிறது.

மறுமொழி 5: கடலோரத்தாள்

நான் கடியபட்டணத்தில் பிறந்தவள். பனைவிளை அண்ணன் எழுதிய 1859 அறிக்கையைப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். எங்கள் பெண்கள் உடுத்திய முரட்டுத் துணியை அரசாங்கமே அளவுகோலாக வைத்திருக்கிறது. அதாவது, அவர்களை மேலே ஏறவிடாமல் நிறுத்துவதற்கு எங்களைப் படிக்கல்லாகக் காட்டியிருக்கிறது.

நான் சொல்லவந்தது மண்டைக்காட்டைப் பற்றி. 1982ஆம் வருடம் அங்குள்ள பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழாவின்போது, மார்ச் 1 அன்று, மண்டைக்காட்டுக் கடற்கரையில் போலீஸ் சுட்டது. அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு கடற்கரை ஊர்களுக்கும் உள்பக்கத்து மேட்டு ஊர்களுக்கும் இடையில் நடந்தவற்றை நான் விவரிக்கப் போவதில்லை. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்து எழுதியது நூலகங்களில் கிடைக்கும். எனக்கு நினைவிலிருப்பது இரவில் வந்த பேச்சுகள். தோணியைக் கரையில் ஏற்றிப்போட்டுவிட்டு ஆண்கள் காவல் இருந்தார்கள். கோயிலில் இப்படி ஆயிற்று, குருசடியில் (சிறு சிலுவைக் கோயிலில்) அப்படி ஆயிற்று என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு செய்தி வரும். அதே இரவில் வெள்ளிச்சந்தைப் பக்கம் எங்களைப் பற்றி அதே அளவு செய்திகள் போய்க்கொண்டிருந்தன என்பதை, கல்லூரியில் உடன் படித்த தோழி சொல்லித்தான் பத்து வருடத்துக்குப் பிறகு அறிந்தேன். இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கதைகள் ஒன்றேதான், ஆட்களின் பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. யாரோ ஒருவர் எழுதி இரண்டு பக்கமும் கொடுத்ததுபோல இருந்தது என்று அவள் சொன்னாள். அப்படி யாரும் எழுதிக் கொடுத்திருக்கத் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். பயந்தவனுக்குக் கதை தானே வந்துவிடும். அதை எடுத்துவைத்துக்கொண்டு வாக்கு எண்ணுவதற்குத்தான் ஆள் வேண்டும். சமாதானம் பேச வந்த குன்றக்குடி அடிகளாரை இரு தரப்பும் கேட்டுக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 14 வருடம் கழித்து, 1996இல், தமிழகச் சட்டமன்றத்துக்கு பாரதிய ஜனதாவின் முதல் உறுப்பினர் பத்மநாபபுரம் தொகுதியிலிருந்து போனார். மண்டைக்காடு மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த இரவுகளுக்குப் பங்கே இல்லை என்றும் என்னால் சொல்லமுடியாது.

அதற்கு முந்தைய மண்டைக்காடு எனக்கு வேறு. எங்கள் ஆச்சி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர், செபமாலையைக் கையிலிருந்து இறக்காதவர். ஆனால் எனக்குத் தீராத தலைவலி வந்தபோது, மீன் கடவத்தின் (கூடையின்) அடியில் காசை முடிந்துவைத்து, மண்டைக்காட்டம்மைக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டார். பச்சரிசி மாவும் சிறுபயறும் சர்க்கரையும் சேர்த்து அவித்த அந்த அப்பத்தின் வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் சொல்லவேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. 1982க்குப் பிறகு ஆச்சி அங்கே போகவில்லை. யாரும் போகவேண்டாம் என்று சொல்லித் தடுக்கவும் இல்லை. தலைவலிக்கு மாத்திரை வாங்கித் தந்தார்.

மறுமொழி 6: இரணியல்காரர்

எல்லோருக்கும் நன்றி. அனைத்தையும் மகளிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய் அவள் தாளில் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டுவிட்டு வந்தாள். அதன் தலைப்பு: 'சொன்னவருக்குச் சொன்னவர்'.

பிறகு மறுபடியும் அம்மாவிடம் போய், கண் அவிந்துபோகும் என்று உங்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டாள். தன் அம்மாவைப் பெற்ற ஆச்சி சொன்னதாக அம்மா சொன்னார். அந்த ஆச்சிக்குச் சொன்னது யார்? இந்த முறை அம்மா உலக்கையை நிறுத்தி யோசித்தார். கரம் (வரி) பிரிக்க வருகிற பார்வத்தியக்காரர், கரம் கொடுக்க வகையில்லாமல் முற்றத்தில் நின்று புலம்பிய யாரையோ பார்த்து அப்படிச் சொன்னதாக அந்த ஆச்சி கதை சொல்வாராம். "இதையும் எழுதணுமாட்டி?" என்று அம்மா கேட்டார். மகள் எழுதிக்கொண்டாள்.

ஓட்டக்கார அண்ணனின் கோவிந்தா கோபாலாவுக்கு நான்காவது கட்டத்தில் 'யாரும் இல்லை, எல்லோரும்' என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை. சங்குக் கடைக்காரரின் மணலுக்கு 'விற்பவர்' என்று எழுதியிருக்கிறாள், அவர் கோபித்துக்கொள்ளவேண்டாம்.

மண்டையப்பத்துக்கு நேரே மட்டும் கட்டம் காலியாக இருக்கிறது. கடலோரத்து அக்கா, அம்மைக்கு அப்பம் நேர்ந்தால் தலைவலி தீரும் என்று உங்கள் ஆச்சிக்குச் சொன்னது யார் என்று கேட்டுச் சொல்லமுடியுமா? திங்கட்கிழமை தாளைக் கொடுக்கவேண்டும்.

மறுமொழி 7: கடலோரத்தாள்

ஆச்சி இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அம்மாவிடம் கேட்டேன். வெள்ளிச்சந்தையிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு நெத்திலிக் கருவாடு வாங்கிப்போகும் ஒரு பெண் ஆச்சிக்கு இருந்தாளாம். எனக்குத் தலைவலி என்று கேட்டதும் அவள்தான் சொன்னாளாம். முதல் தடவை அப்பத்தை அவளே அவித்தும் கொண்டுவந்தாளாம். பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. கருப்பட்டிக்காரி என்றே கூப்பிடுவார்கள். மகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.